பொதுக் கணினியில் செட்டிங்ஸுக்கு ஒரு பூட்டு

கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. செல்போனில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் விடுதிக் கணினியையோ பிரவுசிங் சென்டரையோ நாடுகிறார்கள். வருமானச் சான்று, பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம் என மலைக் கிராம மக்களுக்கும் பொதுக் கணினிதான் கைகொடுக்கிறது. ஆதார் எண்ணும் வங்கி விவரமும் பதிவாகும் அந்தக் கணினியின் செட்டிங்ஸில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்றால், பாதிப்பு அடுத்து வந்து உட்காருபவருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2011-ல் கொண்டுவந்த இணைய மையங்களுக்கான விதிகள், பயனர் கணினி அமைப்புகளை மாற்றிவிடாதபடி தடுப்பு ஏற்பாடு செய்வது மையத்தின் பொறுப்பு என்கின்றன. பயனர் பதிவேட்டை ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்ற விதி பலருக்கும் தெரியும். அமைப்புகளைக் காக்கச் சொல்லும் விதியைத்தான் கவனிப்பதில்லை.

என்ன கெட்டுப்போகும்?

கணினியின் தேதியை யாரோ சில ஆண்டுகள் பின்னே தள்ளிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் எண்ணிக்கொள்ளும். அரசுத் தளம், வங்கித் தளம் எதைத் திறந்தாலும் எச்சரிக்கைதான் வரும். இது எரிச்சலோடு போய்விடும். பிராக்ஸி முகவரியை மாற்றுவது அதைவிட மோசம்: பிரவுசரின் இணையப் போக்குவரத்து முன்பின் தெரியாத ஒருவரின் கணினி வழியாகத் திரும்பிவிடும். திரையில் எந்த மாற்றமும் தெரியாது.

முதல் பூட்டு: கணக்கைப் பிரிப்பது

விண்டோஸை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு அட்மின் கணக்கு. பெரும்பாலான இடங்களில் எல்லோரும் அதிலேயே வேலை செய்கிறார்கள். அதில் ஒரு மென்பொருளை நிறுவ முயன்றால் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். ‘ஆம்’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும். சாதாரணப் பயனர் கணக்கில் அதே பெட்டி அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். தேதியை மாற்றவும் அந்தப் பாஸ்வேர்டு வேண்டும். செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குப் போய் ‘ஸ்டாண்டர்டு யூசர்’ வகையில் ஒரு கணக்கை உருவாக்கிவிட்டு, அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டு போட்டால் வேலை முடிந்தது. செலவு எதுவும் இல்லை.

இரண்டாம் பூட்டு: செட்டிங்ஸை மூடுவது

பிராக்ஸி போன்ற சிலவற்றைச் சாதாரணக் கணக்கிலிருந்தும் மாற்ற முடியும். அதற்காகத்தான் இந்தப் பூட்டு. விண்டோஸ் புரோ பதிப்பின் ‘குரூப் பாலிசி’யில் கன்ட்ரோல் பேனலையும் செட்டிங்ஸையும் முழுவதுமாகத் தடுக்கும் வசதி உண்டு. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் மறைக்கவும் செய்யலாம். இந்தத் தடையை நேரடியாகப் போட்டால் உரிமையாளருக்கும் சேர்த்தே கதவு அடைபடும். அட்மின் அல்லாதவர்களுக்கு மட்டும் பொருந்தும்படி அமைக்க வேண்டும். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி கருவி கிடையாது. அங்கே முதல் பூட்டோடு, ஒவ்வொருவரும் எழுந்து சென்றதும் பிராக்ஸி பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் எப்படி?

மாணவரின் சொந்த மடிக்கணினிக்கு இரண்டாம் பூட்டு தேவையில்லை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்துத்தான் கணினியைக் கற்க முடியும். அன்றாடம் சாதாரணக் கணக்கில் வேலை செய்யட்டும். அட்மின் பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கட்டும். ‘பாஸ்வேர்டு சொல்லுங்கள்’ என்று போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக்கூடாது என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

மலைக் கிராமங்களான மன்னவனூரிலோ பூம்பாறையிலோ கணினி முடங்கினால், அதைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும். சான்றிதழுக்கும் விண்ணப்பத்துக்கும் கடைசி நாள் அதுவரை காத்திருக்காது. மையம் நடத்துபவர்கள் இந்த வாரமே ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி முதல் பூட்டைப் போட்டுவிட வேண்டும்; அட்மின் பாஸ்வேர்டை எழுதி, நம்பகமான இன்னொருவரிடமும் கொடுத்து வைக்க வேண்டும்.