செய்தி ஒன்று, பாதை பல

1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு நம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் தரும் அலை உயரக் கணிப்பை வீராம்பட்டின மீனவருக்கு ஒலிபெருக்கி சொன்னது. சொல்பவர் கேட்பவரை அறியார், வேண்டியவர் கேட்டுக்கொள்வார். கணிப்பொறியில் இதற்கு ‘வெளியிடு-சந்தா’ முறை என்று பெயர்.

இம்முறைக்கு உதவும் நிரல்நூலகங்களுள் ஒன்று ஸீரோஎம்க்யூ. எங்கள் குடும்பத்தில் கணிப்பொறியைத் தொட்ட முதல் ஆள் நான். கல்லூரி ஆய்வுக்கூடத்திலேதான் இதைப் பழகினேன். லினக்ஸில் ஓடும் நிரல் விண்டோஸில் நின்றுவிட்டால் நண்பர்கள் நிரலைக் குடைகிறார்கள். செய்தி செல்லும் பாதையை முதலில் பார்ப்பதே நல்லது என்பேன். முகவரி ‘ஐபிசி’ என்று தொடங்கினால் அது யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டை நம்பியிருக்கிறது. விண்டோஸுக்கு அவ்வசதி 2018இல்தான் வந்தது. நூலகத்தின் பழைய பதிப்புகள் அங்கே அதை ஏற்கமாட்டா. எல்லா இயங்குதளங்களிலும் உள்ள ‘டிசிபி’ பாதைக்கு மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். இரு கணிப்பொறிகளுக்கிடையே என்றால் ஃபயர்வால் தடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்படியும் செய்தி வரவில்லையா? கேட்கும் பக்கம் சந்தா பதியாவிட்டால் ஒன்றும் வராது, பிழை அறிவிப்புகூட வராது! மிகவும் ஏய்ப்பது இதுதான். தாமதமாக இணைந்தவருக்கு முந்தைய செய்திகளும் கிடைக்கா. ஒலிபெருக்கி பேசுமுன் கடலுக்குப் போனவர் நிலைதான்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்த பாதை, சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு. மையம் பூட்டியிருந்தது, ஊரார் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.