பிஸ்டன் பேனாவும் நிலைத்த பொருளாதாரமும்

எழுதித் தீர்ந்ததும் எறிந்துவிடும் பேனா இன்று நம் தேசத்தில் எல்லோருடைய சட்டைப் பையிலும் இடம் பிடித்திருக்கிறது. அதன் விலை அற்பம். ஆகையால் அதைப் பற்றி யோசிப்பவர்கள் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் குழந்தைகளுக்கு டஜன் கணக்கில் வாங்கித் தருகிறோம். தீபாவளி வருவதற்குள் அவற்றில் பாதி குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. மை தீர்ந்து போனவை சில. மை இருந்தும் எழுத மறுத்தவை பல. இந்த நிலைமையில், மையைத் தானே உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும் பிஸ்டன் வகை ஊற்றுப்பேனா, மத்தியதர வகுப்பினர் எட்டிப் பிடிக்கக்கூடிய விலைக்கு இறங்கி வந்திருப்பது கவனிக்கத் தக்கது. விஷயம் சிறியதுதான். ஆனால், நாம் விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருள் நம் கைக்கு அடங்கியதா, விற்றவன் கைக்கு அடங்கியதா என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது.

இப்பேனாவின் தத்துவம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்ததே. மூங்கில் பீச்சாங்குழலின் தண்டைப் பின்னுக்கு இழுத்தால் குழலுக்குள் தண்ணீர் ஏறுகிறது அல்லவா? பிஸ்டன் பேனாவும் அப்படியே. பேனாவின் வால் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் அடைப்பு, கழுத்து வரையில் இறங்குகிறது. நிப்பை மைக்கூட்டில் நன்றாக அமிழ்த்தி, திருகை எதிர்ப்புறமாகத் திருப்பினால் அடைப்பு மேலேறுகிறது. அதைத் தொடர்ந்து மையும் ஏறுகிறது. தியோடர் கோவாச் என்ற பொறியியல் நிபுணர் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துப் பெலிக்கான் கம்பெனி அந்த உரிமையை வாங்கி, 1929-ஆம் வருஷத்தில் தன் முதல் ஊற்றுப்பேனாவை வெளியிட்டது. ஒரு நூற்றாண்டு ஆகப் போகிறது. அந்த முறையில் சாரமான மாறுதல் எதுவும் தேவைப்படவில்லை.

மற்ற வகைகளோடு ஒப்பிட்டால்தான் இதன் சௌகரியம் விளங்கும். நம் நாட்டில் வெகு காலமாகப் பழக்கத்தில் உள்ளது, கழுத்தைக் கழற்றிப் பில்லரால் மை ஊற்றும் பேனா. மை அதிகம் கொள்ளும், பழுது குறைவு, ஆனால் ஊற்றும்போது கையும் மேஜையும் கறை படாமல் தப்புவது அபூர்வம். ரப்பர்ப் பை வைத்த பேனாவில், சில வருஷங்களில் பை இற்றுப் போகும். மைக்குழாய் செருகும் பேனாவோ, கம்பெனிக்காரன் விற்கும் சிறு பிளாஸ்டிக் குழாயை ஓயாமல் வாங்கச் செய்கிறது. அந்தக் குழாயும் தீர்ந்தவுடன் குப்பைதான். பிஸ்டன் பேனாவுக்குப் பில்லரும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஒரு மைப் புட்டி போதும். அந்தப் புட்டியும் எந்தக் கம்பெனியின் புட்டியாகவும் இருக்கலாம்.

இத்தனை நன்மைகள் இருந்தும் அது பரவாததற்குக் காரணம் விலை. பிஸ்டன் வைத்த பேனா என்றால் தங்க நிப்பு வைத்த சீமான் பேனா என்றே வெகு காலம் கருதப்பட்டு வந்தது. இந்த நிலையை மாற்றியவற்றுள் முக்கியமானது தைவான் நாட்டு டுவிஸ்பி கம்பெனி 2015-இல் வெளியிட்ட 'ஈக்கோ' என்ற பேனா. எஃகு நிப்பு, உள்ளே இருக்கும் மை தெரியும்படியான பளிங்கு போன்ற பிளாஸ்டிக் உடல். வெளியானபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 30 டாலர். சீனாவில் செய்யப்படும் பிஸ்டன் பேனாக்கள் இதிலும் வெகுவாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஈக்கோ பேனாவை வாங்குவோருக்கு அதனுடன் இரண்டு சாமான்கள் தருகிறார்கள்: பிஸ்டனைக் கழற்றுவதற்கு ஒரு சிறு சாவி, அதற்குத் தடவுவதற்குக் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். "இதைத் திறக்காதே" என்று எச்சரிக்கும் சாமான்களே மலிந்த இக்காலத்தில், "திறந்து பார், இதோ சாவி" என்று சொல்லும் வியாபாரி ஒருவர் இருப்பது சந்தோஷிக்க வேண்டிய விஷயம்.

இவ்வகைப் பேனாவை நாள்தோறும் உபயோகிப்பவர்களின் அனுபவம் என்ன? முதலாவது, மை எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஈக்கோ போன்ற பேனா சுமார் 1.7 மில்லி லிட்டர் மை கொள்ளும். சாதாரணச் சிறு மைக்குழாயில் இருப்பதைப் போல் இது இரண்டு மடங்கு. தினம் நான்கைந்து பக்கம் எழுதுகிறவருக்கு ஒரு முறை நிரப்பினால் ஒரு வாரம் தாராளமாக வரும். 30 மில்லி லிட்டர் புட்டி ஒன்றைப் பதினேழு தடவை நிரப்பலாம். அதாவது, அந்த ஒரு புட்டியைக் கொண்டு நான்கு மாதம் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மை நிரப்புவது என்று வைத்துக்கொண்டால், எண்ணெய்க் குளியலைப் போல் அதுவும் வாராந்தர வழக்கமாகிவிடுகிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை, நடுவில் மை தீர்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கைக்குக் கிடைக்கும் சுகம். பந்துமுனைப் பேனாவை அழுத்தினால்தான் அது எழுதும். ஊற்றுப்பேனாவுக்கு அழுத்தம் வேண்டாம். நிப்பு காகிதத்தைத் தொட்டால் போதும், மை தானே இறங்கும். நாள் முழுவதும் விடைத்தாள் திருத்தும் உபாத்தியாயரும், பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுக்கும் மாணவரும் மாலையில் தங்கள் விரல்களைக் கேட்டால் இந்த வித்தியாசத்தை அவையே சொல்லும்.

மூன்றாவது, இப்பேனா தன்னை வைத்திருப்பவரிடம் கொஞ்சம் அறிவை எதிர்பார்க்கிறது. மை அடிமட்டத்துக்கு வந்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தால் சில சமயம் நிப்பிலிருந்து சொட்டு விழும். இதற்குப் பேனாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மை குறையக் குறைய உள்ளே காற்று அதிகமாகிறது; நம் ஊர் வெயிலிலும் கைச் சூட்டிலும் அந்தக் காற்று விரிந்து, மிச்சமுள்ள மையை வெளியே தள்ளுகிறது. கால் பங்கு மை இருக்கும்போதே மறுபடி நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சட்டைப் பையில் நிப்பு மேல் நோக்கி இருக்கும்படி செருகிக்கொள்வதும் நல்லது. மையின் நிறத்தை மாற்றும்போதும், மாதம் ஒரு முறையும், பச்சைத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வெளியே தள்ளினால் பேனா சுத்தமாகிவிடும். வெந்நீர் கூடாது. திருகு இறுகினால் சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடலாகாது. அரக்குக் கலந்த சித்திர மையை ஊற்றினால் நாக்கு அடைத்துக்கொள்ளும். இவ்வளவுதான் சாஸ்திரம். பத்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடியது.

எதிர்க் கட்சியையும் நியாயமாகக் கேட்க வேண்டும். நகல் தாள் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகத்துக்கு ஊற்றுப்பேனா உதவாது. அங்கே அழுத்தி எழுதுவது அவசியம். சாதாரண மை தண்ணீர் பட்டால் கரையும். மழைக் காலத்தில் உறையின் மேல் விலாசம் எழுதுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். மட்டமான காகிதத்தில் மை பரவி மறுபக்கமும் ஊறும். நம் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்கள் பலவற்றின் காகிதம் இந்தப் பரீட்சையில் தேறாது. ஆகவே பந்துமுனைப் பேனாவை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. பிரான்ஸில் 1950-இல் வெளியான 'பிக்' என்ற பந்துமுனைப் பேனா, எழுத்தறிவு பெற்ற ஏழை எளியவர்கள் கைக்கும் ஓர் எழுதுகோலைக் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2006-ஆம் வருஷத்துக்குள் அந்த ஒரு கம்பெனி மட்டும் பத்தாயிரம் கோடிப் பேனாக்களை விற்றிருந்தது என்பதையும் மறக்கலாகாது. அத்தனை பிளாஸ்டிக்கும் எங்கே போயிற்று என்று கேட்பது தவறாகாது.

நம் தேசத்தில் பேனா வெறும் எழுதுகோலாக மட்டும் இருந்ததில்லை. சுதேசி இயக்கக் காலத்தில், ராஜமகேந்திரவரத்தில் கே. வி. ரத்னம் என்பவர் கையாலேயே கடைந்து ஊற்றுப்பேனா செய்தார். அவர் அனுப்பிய பேனாவை உபயோகித்துப் பார்த்த மகாத்மா காந்தி, கடைத்தெருவில் காணப்படும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாக இருப்பதாக 1935 ஜூலை 16-ஆம் தேதி கடிதம் எழுதினார். வங்காளத்தில் 1934-இல் தோன்றிய சுலேகா கம்பெனி சுதேசி மை செய்தது. பிற்காலத்தில் பல வருஷங்கள் மூடிக் கிடந்து, மீண்டும் உயிர் பெற்று, 'ஸ்வராஜ்' முதலிய பெயர்களில் ஊற்றுப்பேனா மைகளை வெளியிட்டிருக்கிறது. நம் திருவள்ளூரில் ரங்கா பேனா செய்வோர் எபோனைட் என்னும் கெட்டி ரப்பர்க் கட்டைகளைக் கடைசல் பட்டறையில் கடைந்து செய்யும் பேனாக்களைக் கடல் கடந்த தேசத்தாரும் தேடி வாங்குகிறார்கள்.

ரத்னத்தின் பேனாவைக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்தவர் யார் தெரியுமா? தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியங்களை அப்போது நடத்தி வந்தவர் அவர். எடுத்து எடுத்துத் தீர்த்துவிடும் பொருளாதாரம் வேறு, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் வேறு என்று பிரித்துக் காட்டி, 1945-இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார். அவர் பேனாவைப் பற்றி அதை எழுதவில்லை. எனினும் அவர் கருத்தை ஒரு குழந்தைக்கு விளக்க வேண்டுமானால், ஒரு கையில் எறிந்துவிடும் பேனாவையும் மறு கையில் நிரப்பி எழுதும் பேனாவையும் காட்டினால் போதும்.

ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்று மட்டும் கேட்டால், எறிந்துவிடும் பேனாக்களிலும் நம் நாட்டிலேயே செய்யப்பட்டவை ஏராளம். அவை சுதேசிப் பேனாக்களே என்று சொல்லிவிடலாம். ஆனால் தீர்ந்தவுடன் மறுபடி கடைக்கு ஓடச் செய்யும் சாமான், நம் ஊரில் செய்யப்பட்டாலும் நம்மைச் சுதந்திரராக வைப்பதில்லை. திறக்கவும், கழுவவும், பழுது பார்க்கவும், மறுபடி நிரப்பவும் நமக்கு இடம் கொடுக்கும் சாமானே நமக்குச் சொந்தமானது. இந்த உண்மை இன்று அரசாங்கங்களுக்கும் புலப்பட்டிருக்கிறது. பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய்வதற்கு 2022 ஜூலையில் இந்திய அரசாங்கத்தின் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு கமிட்டியை நியமித்தது. உழவுக் கருவிகள், கைப்பேசிகள், மோட்டார் வண்டிகள், வீட்டு இயந்திரங்கள் ஆகியவை அதன் கவனத்துக்கு வந்தன. பேனாவுக்குக் கமிட்டி வேண்டியதில்லை. உபயோகிப்பவர்கள் மனம் வைத்தால் போதும்.

ஆனால் செய்பவர்களும் மனம் வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள வெளிநாட்டுப் பேனாவை 'மலிவு' என்று சொல்வது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் காதில் பரிகாசமாகவே விழும். பீச்சாங்குழல் தத்துவத்தில் ரகசியம் ஏதும் இல்லை. காப்புரிமைக் காலம் கழிந்து வெகு நாளாயிற்று. அச்சு வார்க்கும் திறமையும், கடைசல் திறமையும் நம்மிடம் குறைவில்லை. அரசாங்கப் பள்ளி மாணவன் வாங்கக்கூடிய விலையில், நிப்பும் நாக்கும் அடைப்பும் தனித்தனியே உதிரியாகக் கிடைக்கும்படி, நல்ல பிஸ்டன் பேனா ஒன்றைச் செய்து கொடுப்பது நம் கைத்தொழிலாளர்களுக்கு அசாத்தியமான காரியமன்று. மை ஊறாத காகிதத்தில் நோட்டுப் புத்தகம் போட்டுக் கொடுப்பதும் அசாத்தியமன்று.

பள்ளிக்கூட அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கறை படும் என்று அஞ்சி ஊற்றுப்பேனாவை வகுப்பிலிருந்து விலக்குகிற பள்ளிக்கூடங்கள் அந்த விதியைத் தளர்த்தட்டும். வகுப்புக்கு ஒரு மைப் புட்டியும் ஒரு பழந்துணியும் வைத்து, வாரம் ஒரு நாள் பிள்ளைகளே தங்கள் பேனாக்களைக் கழுவி நிரப்பிக்கொள்ளச் செய்யட்டும். பேனாவைப் பழுது பார்க்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்குச் சைக்கிளையும் பம்பு செட்டையும் திறந்து பார்க்கப் பயப்பட மாட்டான். விரலில் கொஞ்சம் நீலக் கறை படியலாம். சோப்புப் போட்டுத் தேய்த்தால் இரண்டு நாளில் அது போய்விடும்.