பழைய பிக்கப்புக்கு எமன் தண்ணீர்

பழைய பிக்கப் லாரியை விலை பேசப் போகிறவர், பணத்தோடு சின்னக் காந்தம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கதவுக்குப் பின்னால், கேபின் தரையோடு சேரும் மூலையில் அந்தக் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். டக்கென்று ஒட்டிக்கொண்டால் உள்ளே தகடு இருக்கிறது. நழுவி விழுந்தால் அங்கே இருப்பது பட்டியும் பெயிண்டும்தான். தகடு எப்போதோ துருவாகி உதிர்ந்துவிட்டது. வண்டி மேலே எவ்வளவு மினுக்கினாலும் சரி, விலையை அந்த மூலையைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

அமெரிக்காவில் பழைய பிக்கப்புகளை மீட்டு ஓட்டுவதில் வாழ்நாளையே செலவழிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் விரும்பித் தேடும் வண்டிகளில் ஒன்று செவர்லே 3100. இரண்டாம் உலகப் போர் முடிந்து, விவசாயிகளும் கட்டட வேலைக்காரர்களும் புது வண்டிக்காகக் காத்துக்கிடந்த நேரத்தில், 1947 ஜூன் 28 அன்று செவர்லே ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையை வெளியிட்டது. 1955-இன் தொடக்கம் வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. அரை டன் வண்டிக்கு 3100 என்று பெயர். முக்கால் டன் 3600, ஒரு டன் 3800. 3100-இன் பின்பெட்டி ஆறரை அடி நீளம். ஃபோர்டின் எஃப்-1, டாட்ஜின் பி வரிசை எல்லாம் 1948-இல் இதற்குப் போட்டியாக வந்தவை. அவற்றில் எது கையில் கிடைத்தாலும் மீட்பு வேலையின் போக்கு ஒன்றுதான் என்பதால், 3100-ஐ வைத்தே சொல்கிறேன்.

இந்த வண்டியின் பானெட்டைத் தூக்கிப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை முதலில் சொல்லியாக வேண்டும். ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒரே வரிசையாக நடுவில் நிற்கிறது. இரண்டு பக்கமும் தோள்வரை கையை விட்டு வேலை செய்யலாம். குனிந்து பார்த்தால் தரை தெரியும். கொள்ளளவு 216 கன அங்குலம், அதாவது சுமார் மூன்றரை லிட்டர். 1947-இல் அதன் திறன் 90 குதிரைசக்தி. டைமிங் வைப்பதற்கு ஃப்ளைவீலில் ஒரு சின்ன எஃகுக் குண்டைப் பதித்து, அதைப் பார்க்க வெளியே ஒரு ஜன்னலும் விட்டிருக்கிறார்கள். அந்தக் குண்டு முள்ளுக்கு நேரே வரும் நொடியில் முதல் சிலிண்டருக்குப் பொறி விழுந்தால் டைமிங் சரி. பட்டறைக்கு நாற்பது மைல் போக வேண்டிய ஒரு விவசாயி, தன் கொட்டகையிலேயே கழற்றிப் பூட்ட வேண்டும் என்று மனதில் வைத்துச் செய்த வண்டி இது. அந்த அக்கறைதான் இன்றைக்கும் இதை மீட்க வைக்கிறது.

வண்டி ஏன் நின்றுபோனது என்று கேட்டால் பலரும் ‘இன்ஜின் போச்சு’ என்பார்கள். கனத்த வார்ப்பிரும்பில் செய்த இன்ஜின் அவ்வளவு லேசில் போவதில்லை. இந்த வண்டிகளைக் கொல்வது தண்ணீர். தகட்டில் மட்டுமல்ல, பிரேக்கில், பெட்ரோலில், ஆயிலில் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக அது வேலை செய்கிறது. எங்கே தண்ணீர் நின்றது என்று கண்டுபிடித்து, அதை வெளியேற்றி, மறுபடி நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் மீட்பு வேலையில் முக்கால் பங்கு. பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை.

கேபின் மூலை துருப்பிடிப்பது வெளியிலிருந்து அல்ல. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. அந்த வெடிப்பில் இறங்கும் மழைநீர் தூணின் உள்வழியாகவே கீழே வந்து, இரண்டு தகடுகள் சேரும் மூலையில் நிற்கிறது. தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் சின்ன ஓட்டைகளைத் தூசியும் சருகும் அடைத்துவிட, உள்ளே சேறு கட்டுகிறது. அந்த ஈரம் மாதக்கணக்கில் காய்வதில்லை. வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே தகடு மிச்சமில்லை. மிச்சிகன், ஒஹாயோ போன்ற வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். அங்கே இந்த அழிவு இன்னும் வேகம். அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட ஊர்களில் வயலோரம் நின்ற வண்டிகளுக்கு மதிப்பு கூடியது இதனால்தான். அங்கே வெயில் சீட்டையும் ரப்பரையும் தின்றுவிடும், தகடு பிழைத்துக்கொள்ளும். சீட்டை மறுபடி தைத்துவிடலாம்.

மூலைத் தகடுகளை அதே அச்சில் புதிதாகச் செய்து விற்கிற கம்பெனிகள் உண்டு. வாங்கி வைத்துப் பற்றவைப்பது பெரிய வித்தை இல்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேபின் கீழ்த் தகட்டை வெட்டி எடுத்தவுடன் மேல்பாகம் தாங்கலின்றி லேசாக வாய் பிளக்கும். கால் அங்குலம் பிளந்தால் போதும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காகச் சாத்தாது. அதனால் வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து இறுக்கிவிட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். புதுத் தகட்டைப் புள்ளி வெல்டில் நிறுத்தி, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருந்தால்தான் முழு வெல்டிங். அப்போதும் ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று ஆறவிட்டு வைக்க வேண்டும்; மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். முடிந்ததும் உள்பக்கம் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். கண்ணாடி ரப்பரை மாற்றாமல் இத்தனையும் செய்தால் சில ஆண்டுகளில் அதே மூலையை மறுபடி வெட்ட வேண்டியதுதான்.

துருப்பிடித்த சின்னச் சாமான்களுக்கு அழகான ஒரு முறை இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வாஷிங் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைத் துருப்பிடித்த சாமானுக்கும் பாசிட்டிவை வேறொரு வேண்டாத இரும்புத் துண்டுக்கும் கொடுத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டால் மறுநாள் துரு கறுத்த பொடியாகி, பிரஷ் பட்டால் வந்துவிடும். நல்ல இரும்பு துளியும் தேயாது. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அண்டாமல் செய்ய வேண்டும். எவர்சில்வரைப் பாசிட்டிவில் கட்டக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாகித் தண்ணீரில் இறங்கிவிடும்.

அடுத்தது பிரேக். இன்ஜினை ஓட விடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஓடுகிற வண்டியை ஓட்டிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துச் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. நிறுத்தி வைத்த வண்டியில் நடப்பது வேறு. அந்த ஈரம் வீல் சிலிண்டரின் உள்சுவரை அரித்துக் குழி பறிக்கிறது. ரப்பர் கப் அந்தக் குழிகளில் உரசிக் கிழிந்து, ஆயில் கசிந்து, பிரேக் ஷூவை நனைக்கிறது. கழற்றிப் பார்க்கும்போது விரல் நுனியால் உள்சுவரைத் தடவினால் சொரசொரப்பு தெரியும். லேசாக இருந்தால் ஹோன் போட்டுத் தேய்க்கலாம். நகம் மாட்டினால் புது சிலிண்டர்தான்.

இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று. ஏதோ ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்த இன்று மாற்றுச் சாமான்கள் கிடைக்கின்றன. பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பிரேக்கிலும் சீட் பெல்ட்டிலும் அந்த வாதத்தை நான் ஏற்க மாட்டேன். இன்னொரு எச்சரிக்கை: பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியைப் பறக்கவிடாமல், ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

1949 முதல் 3100-இன் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. இன்று அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் உண்டு. எத்தனாலுக்கும் ஈரம் என்றால் ஆசை. வண்டி நின்றபடியே இருந்தால் தண்ணீரைக் குடித்த எத்தனால் ஒரு கட்டத்தில் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடித்து, அந்தப் பொடி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பெட்ரோல் பம்பில் வண்டல் தங்குவதற்கென்று கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் செம்பழுப்புப் பொடி தெரிந்தால் டேங்கைக் கழற்ற வேண்டியதுதான். பம்பின் பழைய ரப்பர் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறிப் பழுதாகும். எத்தனாலைத் தாங்கும் புது டயஃப்ரம் போட வேண்டும். டேங்கில் ஓட்டை என்றால் வீட்டில் வைத்துப் பற்றவைக்க நினைக்கவே கூடாது. காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். புது டேங்க் வாங்குவதே மேல்.

இனி இன்ஜின். 216-இன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை அல்ல. வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்த பாபிட் உலோகத்தை ராடிலேயே வார்த்திருப்பார்கள். கிராங்க் ஷாஃப்டின் மெயின் பேரிங்குகளுக்குப் பம்ப் அழுத்தத்தோடு ஆயில் போகிறது; ராடு பேரிங்குகளுக்கு அப்படிப் போவதில்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் கரண்டி போல ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மெதுவாக ஓடும்போது அது அடியிலுள்ள தொட்டியில் முங்கி ஆயிலை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடினால் சம்பிலுள்ள நாசில்கள் ஆயிலைத் தாரையாக அந்த நாக்கின் வாய்க்கே குறிபார்த்து அடிக்கும். தாரை சரியான குறியில் விழுகிறதா என்று பார்க்க, சம்பைக் கழற்றி அளவுச் சட்டத்தை மேலே வைத்து, நாசிலில் தண்ணீரைச் செலுத்திச் சோதிப்பார்கள். இத்தனை நுணுக்கமாகச் செய்த ஏற்பாட்டைத்தான் ‘பழங்காலத்து மட்டமான சிஸ்டம்’ என்று சொல்லித் தூக்கி எறிகிறார்கள். சரியாகப் பார்த்துக்கொண்டால் அது நன்றாகவே உழைக்கும்.

இங்கேயும் எதிரி அதேதான். பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பும் சின்ன ஓட்டங்களில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. எரிந்த வாயுவில் உள்ள நீராவி கிராங்க் கேஸில் இறங்கி, குளிர்ந்து தண்ணீராகி, ஆயிலோடு சேர்ந்து கறுத்த களியாகிறது. 216-க்கு ஆயில் ஃபில்ட்டர் கூடுதல் பணம் கொடுத்தால் வந்த சாமான். பல வண்டிகளில் இல்லவே இல்லை. களி தொட்டியை நிரப்பி நாசிலை அடைத்துவிட்டால் ராடுக்கு ஆயில் கிடைக்காது. பாபிட் உருகி இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். ஆகவே பல காலம் நின்ற வண்டியை வாங்கியவுடன், பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் சம்பைக் கழற்றிக் களியை வழித்துக் கழுவ வேண்டும். ராடு கேப்பில் தேய்மானம் இருந்தால் அதற்கும் வழி விட்டிருக்கிறார்கள்: இடையில் வைத்திருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டு இறுக்கினால் இடைவெளி குறையும். 1954-இல் அரை டன் வண்டிக்கு வந்த 235 இன்ஜினில் ராடுகளுக்கும் அழுத்த ஆயில் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்ட நினைப்பவர் அதைத் தேடலாம்.

மின்சாரம் ஆறு வோல்ட். செல்ஃப் இழுக்கவில்லை என்றால் உடனே ‘பன்னிரண்டுக்கு மாற்று’ என்பார்கள். வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு ஓடும் கரண்ட் இரண்டு மடங்கு. இதைத் தாங்கப் பேட்டரி கேபிள் மிகத் தடிமனாக இருக்க வேண்டும். யாரோ பன்னிரண்டு வோல்ட் காரின் மெல்லிய கேபிளை மாட்டியிருப்பார்கள், அல்லது எர்த் கொடுத்த இடம் துருவேறியிருக்கும். தடித்த கேபிள் போட்டு, எர்த் இடத்தைப் பளிச்சென்று தேய்த்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மீட்டு முடித்த வண்டியை ஓட்ட வேண்டும். 4.11 விகிதப் பின் அச்சோடு இது மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போகும். வாரம் ஒரு முறை அரை மணிக்குக் குறையாமல், ஆயில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினால் அதிலுள்ள ஈரம் ஆவியாகிவிடும். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டருக்கு ஒரு முறை கிங் பின், பட்டை ஷேக்கிள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் கன் பிடிக்க வேண்டும். பழைய கிரீஸும் அதனோடு உள்ளே போன தண்ணீரும் வெளியே பிதுங்கிச் சுத்தமான கிரீஸ் தெரியும்வரை அடிக்க வேண்டும். பிரேக் ஆயிலையும் ரேடியேட்டர் கூலன்டையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடலாம். பின்பெட்டியின் தரை மரப்பலகை, இடையிடையே இரும்புப் பட்டி. பலகை மாற்றுகிறவர்கள் மேல்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்து நிறுத்திவிடுகிறார்கள். அடிப்பக்கமும் வெட்டிய முனைகளும்தான் முதலில் ஈரம் குடிக்கும். பூட்டுவதற்கு முன்பே அங்கேயும் இரண்டு கை எண்ணெய் பூசிவிட வேண்டும்.