கல்லின் பலமும் கம்பியின் பலமும்

மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்து ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்கின்றன. அவற்றின் சிற்ப வேலைப்பாட்டில் மனம் லயித்து நிற்பவர்கள் பலர். ஒரு கூரையைத் தாங்குவதற்கு அத்தனை தூண்கள் எதற்காக என்று யோசிப்பவர்கள் சிலரே. பக்தியும் அரச வைபவமும் தூண்களின் தொகையைப் பெருக்கியிருக்கலாம் என்பது மெய்தான். எனினும், தூணுக்கும் தூணுக்கும் இடையே மிக அகன்ற வெளியை விட்டுக் கட்டுவதற்குக் கல் இடங்கொடுப்பதில்லை என்பதே அடிப்படையான காரணமாகும். இக்காலத்துக் கலியாண மண்டபங்களில் நடுவே ஒரு தூணுமின்றி விசாலமான கூடம் அமைவதற்கும், பழைய கோயில் மண்டபங்களில் தூண்கள் அடர்ந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு, கட்டியவர்களின் சாமர்த்தியத்தைவிட அவர்கள் கையாண்ட பொருள்களின் சுபாவத்தாலேயே பெரிதும் விளைந்தது.

ஒரு பொருளை அமுக்கியும் சோதிக்கலாம், இழுத்தும் சோதிக்கலாம். நல்ல கருங்கல்லை அமுக்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தை அது நொறுங்காமல் ஏற்றுக்கொள்ளும்; அதே கல்லை இரு முனைகளிலும் பற்றி இழுத்தால், ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு விசைக்கே, சில சமயம் அதற்கும் குறைவான விசைக்கே, அது துண்டாகிவிடும். கல்லின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வெடிப்புகள் எண்ணற்றவை உண்டு. அமுக்கும்போது அவற்றின் வாய்கள் மூடிக்கொள்கின்றன; இழுக்கும்போதோ அவை திறந்து, விசை முழுவதும் வெடிப்பின் கூரிய நுனியில் திரண்டு, வெடிப்பு மேலும் ஓடுகிறது. எஃகின் நிலை வேறு. அதன் படிகங்கள் சற்று வழுக்கி இடம்பெயர்ந்து கொடுக்கக்கூடியவை ஆகையால், எஃகு இழுவிசையையும் அமுக்கத்தையும் ஏறக்குறைய சமமாகவே தாங்குகிறது. அறுந்து போகுமுன் நீண்டு எச்சரிக்கையும் செய்கிறது.

அமுக்கம் மட்டுமே உள்ள இடத்தில் கல்லை நம்பி எவ்வளவு உயரமும் போகலாம் என்பதற்கு, 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமே தக்க சான்று. வரிசைக்கு வரிசை சிறிது உள்வாங்கிச் செல்லும் அந்தக் கற்குவையில், மேலுள்ள கல் கீழுள்ள கல்லை அமுக்குகிறது. அந்தப் பாரம் படிப்படியாக அஸ்திவாரத்தை அடைகிறது. பிரதானமான இந்தப் பாதையில் கல் இழுபடவேண்டிய அவசியமே நேருவதில்லை.

ஆனால் இரண்டு தூண்களின் மேல் ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தி உத்தரமாக்கிய கணமே நிலைமை மாறிவிடுகிறது. ஒரு தடித்த ரப்பர்த் துண்டின் பக்கவாட்டில் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் வரைந்து, நடுப்பகுதி கீழே தாழும்படி வளைத்துப் பார்த்தால் இது விளங்கும். மேல் விளிம்பில் கோடுகள் நெருங்கி வருகின்றன. கீழ் விளிம்பில் விலகிச் செல்கின்றன. இடையே ஓரிடத்தில் அவை நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. பாரத்தால் வளையும் உத்தரத்தின் மேற்புறம் அமுங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது, நடுவிலுள்ள ஒரு படலம் இரண்டிலும் சேராமல் நிற்கிறது என்பதே இதன் பொருள். கல் உத்தரம் ஒடியும்போது விரிசல் அடிப்புறத்திலிருந்து கிளம்புவதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் கல்லைக் கனமாக்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். உத்தரத்தின் பலம் அதன் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது உண்மைதான். ஆனால் கனம் கூடும்போது எடையும் கூடுகிறது. நீளம் கூடினாலோ, தன் எடையால் அடிப்புறத்தில் உண்டாகும் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், தன் எடையை மட்டும் சுமக்கும் கல்லுங்கூட இருமடங்கு நீளம் பாய்வதற்கு நான்கு மடங்கு கனமாக இருக்கவேண்டும் என்று தேறுகிறது. அத்தகைய கல்லை வெட்டுவதும் தூக்குவதும் எளிதல்ல. ஆகவே நம் ஸ்தபதிகள் தூண்களை நெருக்கி நிறுத்தினார்கள். அதோடு, தூணின் தலையில் இருபுறமும் நீண்டு உத்தரத்தைத் தாங்கும் போதிகையை அமைத்து, அலங்காரத்தோடு உத்தரம் ஆதாரமின்றிப் பாயும் தூரத்தையும் குறைத்துக்கொண்டார்கள்.

ஸ்தபதிகள் அனுபவத்தால் கண்ட இந்த உண்மையைக் கணித ரூபத்தில் ஆராயப் புகுந்தவர்களுள் முதன்மையானவர் கலிலியோ. 1638-இல் வெளியான தம் நூலில், சுவரில் பதித்து வெளியே நீட்டிய கட்டை எவ்வாறு ஒடிகிறது என்று ஆராய்ந்த அவர், பலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைச் சரியாகவே கண்டார். ஆனால் ஒடியும் இடத்தில் கட்டை முழுவதும் இழுபடுகிறது என்று கருதி, அதன் அடிப்பகுதி அமுங்குவதைக் கவனியாமல் விட்டார். 1678-இல் ராபர்ட் ஹுக், விசை எவ்வளவோ அதற்கேற்ற அளவே பொருள் நீளும் என்னும் விதியை விளக்கினார். உத்தரத்துள் இழுவிசையும் அமுக்கமும் எவ்வாறு பங்கிட்டுக் கிடக்கின்றன என்பதைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலும் தெளிவாக எழுதியது 1773-இல்தான்.

கல்லையும் செங்கல்லையும் கொண்டு அகலமான வெளியை மூட வேறொரு வழி வளைவு. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் அடுத்ததை நெருக்கி நிற்பதால் இழுவிசை தலைகாட்டுவதில்லை. மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலின் பெரிய வளைவுகள் இவ்வகையின. ஆனால் வளைவின் கால்கள் எப்போதும் வெளிப்புறமாக உதைத்துக்கொண்டே இருக்கும்; அந்த உதைப்பைத் தாங்கப் பருத்த தூண்களும் சுவர்களும் தேவைப்படும்.

கான்கிரீட் என்பது ஜல்லியும் மணலும் சிமென்டும் நீரும் கலந்து மனிதன் வார்த்த கல்லேயாகும். கல்லின் குறையும் அதற்கு உண்டு. அந்தக் குறையை எஃகுக் கம்பியால் தீர்க்கலாம் என்னும் யோசனைக்குப் பிரசித்தி தந்தவர்களுள் ஒருவர், பூந்தொட்டிகளுக்குள் இரும்பு வலையைப் பதித்து 1867-இல் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மொனியே. இவ்விரு பொருள்களின் சேர்க்கைக்கு இயற்கையும் துணைபுரிந்திருக்கிறது. வெயிலில் எஃகும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை. சிமென்டின் காரத்தன்மை கம்பியைத் துருவேறாமல் காக்கிறது. உத்தரத்தின் மேற்புற அமுக்கத்தைக் கான்கிரீட் ஏற்க, கீழ்ப்புற இழுவிசையைக் கம்பி ஏற்கிறது. தூணற்ற கூடங்கள் இந்தப் பங்கீட்டால் சாத்தியமாயின.

இதிலிருந்து கம்பி எப்போதும் அடியில்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஜன்னலுக்கு மேல் சுவரிலிருந்து நீண்டிருக்கும் சன்ஷேடுக்கும், வீட்டுக்கு வெளியே நீட்டிக் கட்டும் பால்கனிக்கும் ஒரு பக்கம்தான் ஆதாரம். நுனி தாழ முயலும்போது அவற்றின் மேற்புறமே இழுபடுகிறது. ஆகவே அங்கே பிரதானக் கம்பி மேற்புறத்தில் இருப்பதோடு, சுவருக்குள்ளும் போதிய தூரம் ஓடிப் பிடிப்புக் கொண்டிருக்கவேண்டும். சரியாகக் கட்டிய கம்பியுங்கூட, கான்கிரீட் போடும் ஆட்கள் அதன்மேல் ஏறி மிதித்தால் அடியில் இறங்கிவிடும்; அதன்பின் கம்பியின் அளவு எத்தனை கூடுதலாக இருந்தாலும் பயன் சொற்பமே. வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும் நாளில் சற்று நேரம் உடனிருந்து இந்த ஒன்றைக் கவனிப்பது நலம். பலகையைப் பிரித்துப் பூச்சும் பூசிய பிறகு, கம்பி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை வெறுங்கண்ணால் எவராலும் சொல்ல இயலாது.