“ஏன் எங்களுக்கு?” – துன்பம் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வது என்ன?

துன்பம் எட்டிப் பார்க்காத வீடு இல்லை. ஆனால் சில துன்பங்கள் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஊரையே வாரிக்கொண்டு போய்விடுகின்றன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை நமது கரையில் நடந்தது அதுதான். இலங்கையில் அன்று அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். இங்கு மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று வந்த அலை, முஸ்லிம் வீடு எது, இந்து வீடு எது, கிறிஸ்தவ வீடு எது என்று பார்க்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கு அது நத்தாரின் மறுநாள்.

மையித்துக்களை அடக்கி முடித்த பிறகு கேள்வி எழுந்தது. “நாங்கள் என்ன பாவம் செய்தோம்?” பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்டது அது. பதில் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். “பாவம் பெருகிவிட்டது, அதனால்தான் தண்டனை” என்று எல்லாச் சமயத்தவரிலும் சிலர் சொன்னார்கள். அந்தத் தாய்க்கு அது இரண்டாவது அலை.

அதே காலையில் தமிழ்நாட்டின் வேளாங்கண்ணிக் கடற்கரையில், மாதா கோயிலுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கோயிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். அதைப் பலர் அற்புதம் என்றார்கள். அப்படியானால் கரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை செய்த குற்றம் என்ன?

இந்தக் கேள்வியோடு கிறிஸ்தவம் நெடுங்காலமாகப் போராடி வருகிறது. கல்முனையில் கார்மேல் பாத்திமா கல்லூரியும் உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும் இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் நமக்கு அயலவர்கள். அவர்கள் துக்கத்தை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது, அவர்கள் வீட்டுப் படியேறும்போது நமக்கு உதவும்.

யோபுவும் அவர் நண்பர்களும்

நாம் அய்யூப் நபி என்று அறிந்தவரை பைபிள் யோபு என்கிறது. நமக்கு அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது ஸபர், அதாவது பொறுமை. பைபிளிலும் அவர் பொறுமையோடுதான் தொடங்குகிறார். ஆனால் பிறகு வாய் திறக்கிறார். தான் பிறந்த நாளையே வெறுக்கிறார், இறைவனிடம் நியாயம் கேட்கிறார்.

ஒரே நாளில் அவருடைய ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் வீடு இடிந்து இறக்கிறார்கள். செல்வம் போகிறது, பிறகு உடல் முழுதும் புண். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்ததும்தான் கெட்டது. “நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இது வருமா?” என்ற கருத்தையே மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்.

கதையின் முடிவில் இறைவனின் கோபம் அழுது புலம்பிய யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்கள் மேல்தான் விழுகிறது. யோபுவுக்கும் இறுதிவரை காரணம் சொல்லப்படவில்லை. ‘ஏன்’ என்பதற்குப் பதில் இல்லாமலே அவர் இறைவனுக்கு முன் தலை தாழ்த்துகிறார்.

சகோதரிகளே, இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பத்துப் பிள்ளைகளையும் பெற்றவள் யோபுவின் மனைவி. பைபிளில் அவள் பேசுவது ஒரே ஒரு தடவை, மனம் வெறுத்து. அதற்காகப் பிரசங்கங்களில் அவளைக் குறை கூறியவர்கள் உண்டு. அவள் வயிறு எரிந்ததை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

பழி போடாத பதில்

யோவான் எழுதிய நற்செய்தியில் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, “இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா?” என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று சொல்லி, இயேசு அவனுக்குப் பார்வை கொடுக்கிறார். லூக்காவின் நற்செய்தியில், சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்கிறார் அவர். மனந்திரும்பும்படி அவர் சொல்வது உயிரோடு கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம்தான். இறந்தவர்கள் மேல் பழி போடவில்லை. ஊனமுற்ற பிள்ளையைப் பெற்ற தாயை இன்றும் சாடை பேசும் நமது ஊர்களுக்கும் இது பொருந்தும்.

சிலுவை விடயத்தில் நமது நம்பிக்கை வேறு. கிறிஸ்தவர்களுக்கோ துன்பம் பற்றிய பேச்சின் நடுப்புள்ளி அதுதான். இறைவன் துன்பத்தைத் தூரத்தில் நின்று பார்க்கவில்லை, இயேசுவில் தானே அதற்குள் வந்தான் என்று அவர்கள் நம்புகிறார்கள். சிலுவையில் இயேசு, இறைவன் தன்னைக் கைவிட்டது ஏன் என்று கதறியதாக நற்செய்தி கூறுகிறது. ஆகவே கதறுவது ஈமான் இல்லாமை என்று கிறிஸ்தவர் கருதுவதில்லை. பைபிளில் உள்ள சங்கீதங்களில் பல, இப்படிப்பட்ட புலம்பல்களே.

விளக்கங்கள் சொன்ன கிறிஸ்தவ அறிஞர்களும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் வேதனை ஏன் என்பதை அறிவால் ஆராய்ந்து 1940இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1960இல் அவர் மனைவி புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு வேறு பெயரில் இன்னொரு புத்தகம் வெளியிட்டார். அதில் தெளிவான வாதங்களுக்குப் பதிலாக கோபமும் சந்தேகமும் தனிமையும் இருந்தன. அறிவால் கிடைத்த பதில் துக்க வீட்டில் போதவில்லை.

பொறுப்பதா, போக்குவதா?

துன்பத்தில் புண்ணியம் உண்டு என்பதைச் சாட்டாக வைத்து, தவிர்க்கக்கூடிய வலியையும் பெண்கள் தலையில் கட்டுவது உண்டு. அடிக்கும் கணவனைச் ‘சிலுவை’ என்று சுமக்கச் சொல்லும் கிறிஸ்தவர்களும், ‘ஸபர் செய்’ என்று திருப்பி அனுப்பும் நம்மவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இயேசு நோயாளிகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, குணப்படுத்தினார் என்பதே நற்செய்திகள் சொல்வது. கிறிஸ்தவரான வைத்தியர் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் மரணத் தறுவாயில் உள்ளோருக்கென ஓர் இல்லம் திறந்தார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்தே மருந்து வேண்டும் என்றார். இன்று உலகெங்கும் நடக்கும் வலிநிவாரணப் பராமரிப்புக்கு அது வழி காட்டியது.

2019க்குப் பிறகு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்கள். ஐந்து நாட்களில், ஏப்ரல் 26இல், சாய்ந்தமருதில் தாக்குதல்காரரின் உறவினர் தங்கியிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. அங்கும் குழந்தைகள் இறந்தார்கள். ஒரு பாவமும் அறியாத முஸ்லிம் பெண்கள் தெருவில் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள்.

அந்த நாட்களில் சீயோன் சபையின் போதகர் ரொஷான் மகேசன் தாக்கியவர்களை மன்னிப்பதாக அறிவித்தார். பழிவாங்கக் கூடாது என்று கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் நீதி கேட்பதை விட்டுவிடவில்லை. 2023 ஜனவரியில், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்பு என்பது நடந்ததை மூடி மறைப்பதல்ல.

துக்க வீட்டுக்குப் போகும்போது யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்வோம். காரணம் தேட வேண்டாம். “இன்னொரு பிள்ளை பிறக்கும்” என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். அழுபவளை அடக்க வேண்டாம். சோறு சமைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நாற்பதாம் நாளுக்குப் பிறகு, எல்லோரும் மறந்துவிட்ட ஒரு பின்னேரத்தில் மறுபடியும் போகலாம். இறந்த பிள்ளையின் பெயரைத் தாய் சொல்லத் தொடங்கினால், அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கலாம்.