கருவி பழுதுற்றபோது

மிதிவண்டிப் பந்தயம் என்றவுடன் நம் கருத்தில் முதலில் தோன்றுவது கால்களின் வலிமையே ஆகும். மூச்சின் உரமும் தொடையின் திண்மையும் மிக்கவரே வெல்வர் என்பது பலருடைய எண்ணம். செப்பனிட்ட சாலையில் சிறிது தொலைவே நிகழும் பந்தயத்திற்கு இவ்வெண்ணம் பெரிதும் பொருந்தும். ஆயின், கல்லும் மண்ணும் விரவிய பாதையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் பந்தயத்திற்கு இது போதாது. அங்கே வீரரின் உடலோடு அவர் ஊர்ந்து செல்லும் வண்டியும் சோதிக்கப்படுகின்றது. வண்டி பழுதுறுங்கால் அவருடைய அறிவும் பொறுமையும் நேர்மையும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. அத்தகைய பழுதுகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றை வீரர் எங்ஙனம் சரிசெய்து கொள்கின்றனர் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே கான்சஸ் என்னும் மாநிலம் உள்ளது. அதன் கிழக்குப் பகுதியில் பிளின்ட் குன்றுகள் என்று வழங்கும் நெடிய புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. பிளின்ட் என்பது சக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் சொல். அக்கல் மண்ணில் மிகுதியாகக் கலந்து கிடத்தலால், அந்நிலம் ஏருக்கு எளிதில் இணங்கவில்லை. அதனால் அது மேய்ச்சல் நிலமாகவே நிலைத்துவிட்டது. அக்குன்றுகளின் ஊடே செல்லும் சரளைக்கல் பாதைகளில், எம்போரியா என்னும் ஊரை நடுவாகக் கொண்டு, 2006ஆம் ஆண்டில் ஒரு மிதிவண்டிப் பந்தயம் தொடங்கப்பெற்றது. இப்பொழுது அன்பவுண்ட் கிராவல் என்னும் பெயரால் அது வழங்குகின்றது. அதன் தலைமைப் பந்தயத்தின் தொலைவு 200 மைல். அஃதாவது ஏறத்தாழ 320 கிலோமீட்டர். மிக விரைந்து செல்வோர்க்கும் எட்டு மணி நேரத்திற்கு மேற்படும். ஏனையோருள் பலர் இருள் சூழ்ந்த பின்னரே ஊர் வந்து சேர்வர்.

இப்பந்தயத்தின் உயிர்நிலையான விதி ஒன்று உண்டு. குறித்த சில நிறுத்தங்களில் அன்றி, வழியில் வெளியார் எவரிடமும் வீரர் உதவி பெறுதல் ஆகாது என்பதே அது. ஆகவே, வண்டிக்கு வேண்டிய கருவிகளையும் தமக்கு வேண்டிய நீரையும் உணவையும் அவரே சுமந்து செல்லல் வேண்டும். கையிற் கொண்டு வராததும் கற்று வராததும் வழியில் கிட்டா.

இனிப் பழுதுகளை நோக்குவோம். அவற்றுள் முதன்மையானது டயர் கிழிதல் ஆகும். சக்கிமுக்கிக் கல் உடைந்தால் அதன் விளிம்பு கத்திபோற் கூர்மையுடையதாகும். பண்டை மாந்தர் அதனை அம்பு முனையாகப் பயன்படுத்தியதும் அது பற்றியே. அத்தகைய கல்லின்மீது விரைந்து செல்லும் டயர் கிழிபடுதல் வியப்பன்று. இக்காலத்துப் பந்தய வண்டிகளின் டயருக்குள் டியூப் இருப்பதில்லை. ரப்பர்ப்பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி வைக்கின்றனர். சிறு துளை ஏற்பட்டால், வெளியேறும் காற்று அத்திரவத்தைத் துளையை நோக்கித் தள்ளும். அங்கே அது உறைந்து துளையை அடைத்துவிடும். துளை சற்றுப் பெரிதாயின், பசையுள்ள திரி ஒன்றை ஊசியால் அதனுட் செருகி அடைப்பர். டயரின் பக்கச்சுவரே கிழிந்துவிட்டாலோ இவை இரண்டும் பயன்படா. அப்பொழுது டயரைக் கழற்றி, கிழிசலின் உட்புறத்தில் பழைய டயர்த் துண்டையோ மடித்த பணத்தாளையோ வைத்து, அதன்மேல் புதிய டியூபை இட்டுக் காற்று நிரப்புவர். காற்றின் அழுத்தமே அத்துண்டை அசையாது பிடித்துக்கொள்ளும்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உளது. பஞ்சர் ஆனவுடன் பதறிப் புதிய டியூபை இடுவோர், சிறிது தூரம் செல்வதற்குள் மீண்டும் அதே இடரை அடைவதுண்டு. துளைத்த கல் டயரிலேயே தங்கியிருத்தலே அதற்குக் காரணம். பழகியவரோ முதலில் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பர். கல்லைக் களைந்த பின்னரே டியூபை இடுவர். ஒரு நிமிடப் பொறுமை ஒரு மணி நேர இழப்பைத் தவிர்க்கும். காரணத்தை நீக்காமல் விளைவை மட்டும் நீக்குதல் எத்தொழிலிலும் பயன்தாராது அன்றோ?

இரண்டாவது பழுது சங்கிலி பற்றியது. செங்குத்தான மேட்டில் வலிந்து மிதிக்கும்போது சங்கிலி அறுபடுதல் உண்டு. அறுந்த கண்ணியைச் சிறிய கருவி ஒன்றால் நீக்கிவிட்டு, கையாலேயே மாட்டத்தக்க இணைப்புக் கண்ணி ஒன்றால் இருமுனைகளையும் சேர்ப்பர். இணைப்புக் கண்ணி ஒரு நாணயத்தின் எடைக்கு மேற்படாது. ஆயினும் அதனை மறந்து வந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பல கல் தொலைவு நடக்க நேரிடும்.

மூன்றாவது, சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பொறிக்கு நேரும் பழுது. இப்பொறி வண்டியின் சட்டகத்தோடு ஒரு சிறு உலோகத் துண்டால் இணைக்கப்பட்டிருக்கும். அத்துண்டை மென்மையான அலுமினியத்தாற் செய்வர். வலிமையான உலோகத்தாற் செய்தல் ஆகாதோ என நீங்கள் வினவலாம். கல்லோ மரக்கிளையோ பொறியைத் தாக்கினால், ஏதேனும் ஒன்று முறிந்தே தீரும். விலையுயர்ந்த சட்டகம் முறிவதினும் எளிதில் மாற்றத்தக்க சிறு துண்டு முறிதல் நன்று. ஆதலின், தான் முறிந்து சட்டகத்தைக் காக்குமாறே அது அமைக்கப்பட்டுள்ளது. மாற்றுத் துண்டு கைவசம் இல்லாதவர் பொறியையே கழற்றிவிட்டு, சங்கிலியைக் குறுக்கி, ஒரே பல்சக்கரத்தில் ஓடுமாறு மாட்டிக்கொள்வர். மேட்டில் ஏறுதல் கடினமாகும். எனினும் பயணம் தொடரும்.

சேறும் ஒரு பெரும் பகையே. 2023ஆம் ஆண்டுப் பந்தயத்தில், தொடக்கத்தை அடுத்தே களிமண் சேறு வழியை மறித்தது. அச்சேறு சக்கரத்திற்கும் சட்டகத்திற்கும் இடையே பிசைந்த மாவுபோல் அடைந்து, சக்கரத்தைச் சுழலவொட்டாது நிறுத்தியது. அந்நிலையிலும் வலிந்து மிதித்தோர் பலருடைய மாற்றுப் பொறிகள் முறிந்தன. அறிந்தோர் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு புல்லோரமாக நடந்தனர். வண்ணம் கலக்க உதவும் தட்டை மரக்குச்சி ஒன்றைக் கொண்டு சேற்றைச் சுரண்டுதல் அப்பந்தய வீரரிடையே வழக்கமாகும். எளிய மரக்குச்சி ஒன்று பெருவிலைப் பொறியைக் காத்து நிற்றலை இங்குக் காண்கிறோம்.

இதுகாறும் கூறியவை, கையிற் கொண்டு செல்லும் சிறு கருவிகளால் தீரத்தக்க பழுதுகள். அவற்றால் தீராத பழுது நேர்ந்தால் என் செய்வது? இவ்வினாவிற்கு விடையாக விளங்குவது பிரான்சு நாட்டு வீரர் ஒருவரின் வரலாறு.

அவர் பெயர் யூஜேன் கிறிஸ்தோஃப். 1885ஆம் ஆண்டில் பாரிசு நகரை அடுத்த மாலக்காஃப் என்னும் ஊரில் பிறந்தவர். இளமையில் பூட்டுச் செய்யும் தொழிலைக் கற்றவர். டூர் டி பிரான்சு எனப்படும் நெடும்பந்தயத்தில் 1912ஆம் ஆண்டில் இரண்டாம் இடம் பெற்றார். 1913ஆம் ஆண்டில் அவரே வெல்லுவார் எனப் பலரும் எதிர்பார்த்தனர். அந்நாளில் பிரனீசு மலைச்சாலைகளும் தார் காணாத கற்பாதைகளே. அவ்வாண்டின் ஆறாம் நாட் பந்தயம் பயோன் நகரிலிருந்து லுஷோன் நகர் வரை 326 கிலோமீட்டர் நீண்டது. இடையில் கடல் மட்டத்திற்கு 2115 மீட்டர் உயரத்தில் உள்ள தூர்மலே என்னும் கணவாயைக் கடத்தல் வேண்டும்.

கிறிஸ்தோஃப் அக்கணவாயை முன்னணியினருள் ஒருவராகக் கடந்து இறங்கத் தொடங்கினார். அப்பொழுது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்துவிட்டது. ஃபோர்க் என்று நாம் வழங்குவது அதுவே. ஒரு கம்பியை இருபுறமும் பன்முறை வளைத்தால், வலிய கம்பியும் ஈற்றில் முறிந்து போதலைக் கண்டிருப்பீர்கள். கற்பாதையின் ஓயாத அதிர்ச்சி கவையின் எஃகையும் அவ்வாறே சிறிது சிறிதாகத் தளர்த்தும். கண்ணுக்குப் புலப்படாத கீறல் நாளடைவில் வளர்ந்து, ஒருநாள் திடுமென முறிவாக வெளிப்படும்.

அக்காலத்து விதி மிகக் கடுமையானது. வீரர் வேறு வண்டி பெறுதல் ஆகாது. பிறர் உதவியும் கொள்ளல் ஆகாது. தம் வண்டியைத் தாமே செப்பனிடல் வேண்டும். கிறிஸ்தோஃப் வண்டியைத் தோளில் சுமந்தும் முறிந்த கவையைக் கையில் ஏந்தியும் மலைவழியே நடந்தார். பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு அது. பின்தங்கியிருந்த வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக அவரைக் கடந்து சென்றனர். அவர் கண்ணீர் உகுத்தார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. அடிவாரத்தில் செந்த் மரி த காம்பான் என்னும் சிற்றூரில் கொல்லுலை ஒன்று இருந்தது. கொல்லர் உதவ முன்வந்தார். ஆயின், பந்தய நடுவர்கள் உலைக்களத்தருகே நின்று கண்காணித்தனர். இரும்பும் உலையும் கருவிகளும் கொல்லருடையனவாகலாம். வேலை செய்யும் கை வீரருடையதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி.

இளமையிற் கற்ற தொழில் அப்பொழுது அவருக்குக் கைகொடுத்தது. எஃகைக் காய்ச்சினார், அடித்தார், துளையிட்டார், முறிந்த பகுதியைப் பொருத்தினார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் உழைத்து வண்டியை ஓடும் நிலைக்குக் கொணர்ந்தார். ஒரே ஓர் இடையூறு இருந்தது. இரு கையாலும் இரும்பைப் பற்றி வேலை செய்பவர் துருத்தியை ஊதுவது எவ்வாறு? உலைக்களத்தில் இருந்த சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதினான். அதனை நடுவர்கள் பிறர் உதவியாகக் கொண்டு, பத்து நிமிடத் தண்டனை நேரம் விதித்தனர். பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. மூன்றே முக்கால் மணி நேரத்திற்கும் மேலாகப் பின்தங்கி அவர் அந்நாட் பயணத்தை முடித்தார். எனினும் பந்தயத்தை விட்டு விலகாமல் பாரிசு வரை சென்று, முடிவில் ஏழாம் இடத்தைப் பெற்றார்.

துருத்தி ஊதிய சிறுவனுக்காகத் தண்டனை விதித்தது முறையோ என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். கண்டவர் உள்ளம் கசியும் நிலையில் அது கொடுமையாகவே தோன்றும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செல்வர் ஒருவர் வழிநெடுகக் கம்மியரை நிறுத்தி வைத்துத் தம் வீரனுக்கு உதவுவாராயின், ஏழை வீரனுக்கு அது நேர்மையாகுமோ? அத்தகைய வேற்றுமையைத் தடுத்தல் அவ்விதியால் விளைந்த நன்மை. நல்ல நோக்கமுள்ள விதியும், நேர்ந்த சூழ்நிலையை நோக்காமல் எழுத்தளவில் செலுத்தப்பட்டால் கடுமையாக முடியும் என்பதற்கு அவ்வுலைக்களமே சான்று. பிற்காலத்தில் அப்பந்தயத்தின் விதிகள் படிப்படியாகத் தளர்ந்தன. இன்று மாற்று வண்டிகளைச் சுமந்த கார்கள் வீரரைப் பின்தொடர்கின்றன. பழைய நெறியின் ஒரு பகுதி சரளைப்பாதைப் பந்தயங்களில் இன்னும் வாழ்கின்றது எனலாம்.

கிறிஸ்தோஃபின் இடர் அத்துடன் முடியவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் 1919ஆம் ஆண்டில் அப்பந்தயம் மீண்டும் தொடங்கிற்று. முன்னணி வீரரை அடையாளம் காட்டும் மஞ்சட் சட்டை அவ்வாண்டில்தான் வழக்கில் வந்தது. அதனை முதலில் அணிந்தவர் கிறிஸ்தோஃபே என்பது பந்தய வரலாறு தரும் செய்தி. முடிவிற்கு முந்திய பயணத்தில், வலான்சியேன் நகருக்கு அருகே, மீண்டும் கவை முறிந்தது. மீண்டும் அவர் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். அதற்குள் ஒரு மணி நேரத்திற்கு மேல் கழிந்தது. கைக்கெட்டிய வெற்றி நழுவி, மூன்றாம் இடமே கிட்டிற்று. 1922ஆம் ஆண்டில் ஆல்ப்சு மலையின் கலிபியே கணவாயிலும் அவருக்கு இதே இடர் நேர்ந்தது. அவர் ஒருமுறையேனும் அப்பந்தயத்தில் வென்றாரல்லர். ஆயினும், வென்றோர் பலரை மறந்துவிட்ட மக்கள் அவரை மறந்திலர். அவர் உழைத்த உலைக்களத்தில் அந்நிகழ்ச்சியைக் கூறும் கல்வெட்டு இன்றும் விளங்குகின்றது.

மாணவர்களே! கருவியின் துணையின்றி நடைபெறும் தொழில் இவ்வுலகில் அரிது. எத்துணை நன்கு செய்த கருவியும் ஒருநாள் பழுதுறும். அது கருவியின் இயல்பு. பழுதே நேராதிருத்தல் நம் கையில் இல்லை. பழுது நேருமுன் கருவியை ஆய்ந்து வைத்தலும், நேர்ந்தபின் பதறாமல் காரணத்தைக் காண்டலும், செப்பனிடும் திறனை முன்னரே கற்று வைத்தலும் நம் கையில் உள்ளன. நீங்கள் நாள்தோறும் ஏறிச் செல்லும் மிதிவண்டியின் சங்கிலியைக் கழற்றி மாட்டவும், பஞ்சரை ஒட்டவும் இப்பொழுதே கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கை கற்ற தொழிலை வழியில் எவரும் பறித்துக்கொள்ள இயலாது. எந்த விதியும் அதனைத் தடுக்காது.