வரலாம், வரலாம், ஹோல்டேன்!

தேனியிலிருந்து குமுளி போகும் பஸ்ஸில் 18 வருஷம் கண்டக்டராக இருந்தேன். பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாது. 2014 கடைசியில் மருத்துவ விடுப்பு முடிந்து மறுபடி டூட்டியில் ஏறியபோதும் பிசகவில்லை. ஆனால் கம்பத்தில் இறங்க வேண்டிய ஒரு அம்மா, கூடலூர் நெருங்கும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் வாய் அசைந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினான்: ‘நீங்க கம்பம்னு சொல்லவே இல்லையாம்.’

சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். யாருக்கும் எட்டாத குரலில் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கெப்படித் தெரியும்?

அன்று ராத்திரி வீட்டில் இந்தக் கதையை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அப்புறம் மகனின் நோட்டில் எழுதினாள்: ‘ஏங்க, மெதுவா. தெருவே எட்டிப் பார்க்குது.’

இரைச்சலான பஸ்ஸில் முணுமுணுப்பு, அமைதியான வீட்டில் கூச்சல். எல்லாம் தலைகீழ்.

2013-ல் எனக்குக் காசநோய் வந்தது. வழக்கமான மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத வகை. இரண்டு வருஷ வைத்தியம். அதில் முதல் சில மாதங்கள், வாரத்துக்கு ஆறு நாள், கானமைசின் ஊசி. இரண்டாவது மாதமே காதுக்குள் ‘ஙொய்ங்’ என்று ஒரு இரைச்சல். ஊசி போட்ட இடத்தில் சொன்னேன். பலவீனம், சரியாகிவிடும் என்றார்கள். பிறகு குக்கர் விசில் காணாமல் போனது, ராத்திரிச் சில்வண்டு போனது, மகள் குரல் போனது. ஆண்களின் தடித்த குரல் கொஞ்ச நாள் நின்று, அதுவும் போனது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதன் வாசல் பக்கத்தில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள்தான் கீச்சுச் சத்தங்களைப் பிடிப்பவை. அந்த மருந்து முதலில் தின்பது அவற்றைத்தான். தின்றது திரும்ப முளைக்காது. நோய் குணமானது. வலது காது முழுசாகப் போய், இடது காதில் அடிமட்டச் சத்தம் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது. அதுவும் கருவி வைத்தால்தான்.

காது போனால் கேட்கிறது மட்டும்தானே போகும், பேச்சுக்கு என்ன வந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வாய் நம்முடையது, நாக்கு நம்முடையது.

பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. கண்டக்டர் இறங்கிப் போய், பாடியைத் தட்டிக்கொண்டே ‘வரலாம், வரலாம்’ என்பார். சுவர் கிட்டத்தில் வந்ததும் ‘ஹோல்டேன்!’ பேச்சிலும் அப்படித்தான். வாய் ஓட்டும், காது பின்னால் நின்று குரல் கொடுக்கும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு இந்தக் குரல் கொடுக்கும் ஆள் இல்லை. அதனால் கருவியும் பயிற்சியும் இல்லாமல் வாய்ப்பேச்சு வருவது மிகக் கஷ்டம். என்னைப் போல 44 வயதில் இழந்தவனின் கதை வேறு. இருபது வருஷம் அதே டிப்போவில் வண்டி விட்ட டிரைவர், கண்டக்டர் இல்லாமலே சரியாகக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். தடம் அவர் கைக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு அரையடி தள்ளி நிற்கும், அடுத்த மாதம் முக்காலடி. தட்டிச் சொல்ல ஆளில்லாததால் தள்ளி நிற்பது அவருக்கே தெரியாது.

முதலில் கைவிட்டுப் போவது சத்தத்தின் அளவு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் யோசிக்காமலே குரலை உயர்த்துகிறான். இதை 1911-ல் எழுதிவைத்தவர் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர். அவர் பெயராலேயே அதை லொம்பார் விளைவு என்கிறார்கள். காது கேட்கவில்லை என்று பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கவும் இது பயன்பட்டது. காதில் இரைச்சலை விட்டுவிட்டு எதையாவது வாசிக்கச் சொல்வது. உண்மையிலேயே கேளாதவனின் குரல் அப்படியே இருக்கும், நடிக்கிறவனின் குரல் தன்னால் ஏறிவிடும். ‘லைட் டூட்டிக்காக நடிக்கிறான்’ என்று என்னைப் பற்றியும் பேசியவர்கள் உண்டு. என்னைத் தூங்க வைத்து மூளை அலை பார்த்த பெரா பரிசோதனை அவர்கள் வாயை அடக்கியது. ஆனால் அந்தக் கம்பத்து அம்மாவே போதிய சாட்சி. இன்ஜின் அதிர்வு என் காலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. அதனால் குரல் ஏறவில்லை.

காது கேளாதவர்கள் எல்லோரும் கத்துவார்கள் என்பதும் தப்பு. என் தாய்மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்து காதில் சீழ். அவர் பேசினால் ரகசியம் சொல்வது போல இருக்கும். இப்போது உங்கள் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் மண்டைக்குள் பானையில் பேசுவது போலப் பெரிதாகக் கேட்கும். எலும்பு வழியாகப் போகும் சத்தம் அது. வெளிக்காதிலோ நடுக்காதிலோ கோளாறு என்றால் இந்த வழி திறந்தே இருக்கும். தன் குரலே பெரிதாகக் கேட்பதால் மாமா அடக்கிப் பேசுகிறார். எனக்குப் போனது உள்காது. எலும்பு கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கல்யாண வீடுகளில் எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பார்கள்.

அடுத்து ராகம். குரல் கொஞ்சம் மேலேறி, இறுகி, ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையானது. தமிழில் கேள்வி கேட்க ‘சாப்பிட்டாச்சா’ என்று ஒரு ‘ஆ’ இருக்கிறது, அது என்னைக் காப்பாற்றியது. ‘சரி’ காப்பாற்றவில்லை. அந்த ஒரு சொல்லில் சம்மதம், சலிப்பு, கோபம், கொஞ்சல், ‘போதும் நிறுத்து’ எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் எழுத்து ஒன்றுதான், ராகம் வேறு. நான் சம்மதமாய்ச் சொன்ன ‘சரி’க்கெல்லாம் மனைவி முகம் வாடியது ஏன் என்று புரியவே ஒரு வருஷம் ஆனது.

எழுத்துகள் போவதற்கு இன்னும் நாளாகும். ‘ழ’ போய்விடுமோ என்று பயந்தேன். போகவில்லை. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் பக்கம் வாழைப்பழமே ‘வாளப்பளம்’தான், போவதற்கு அதில் என்ன இருக்கிறது! போனது ‘ச’. சின்னமனூரின் ‘ச’, ‘பஸ்’ஸின் ‘ஸ்’. ‘ப’வுக்கு உதடு ஒட்டுவது தெரியும், ‘ட’வுக்கு நாக்கு அண்ணத்தில் முட்டுவது தெரியும். ‘ஸ்’ அப்படியில்லை. நாக்கு எங்கேயும் அழுந்தாமல், மயிரிழை இடைவெளி விட்டு, காற்றைச் சீறவிட வேண்டும். சரியாகச் சீறுகிறதா என்று சொல்லக்கூடியது காது மட்டுமே. அந்தச் சீறலின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. என் காதில் அழிந்த இடமும் அதுதான். கருவி வைத்தாலும் எனக்கு ‘அ, ஆ’ கேட்கும், ‘ஸ்’ கேட்காது.

மூன்றாவது வருஷம், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் சாம்பார் கேட்டேன். பரிமாறிய பையன் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். குடித்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். வாழ்நாளில் தொட்டதில்லை. அன்றைக்குத்தான் பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிப் போனேன். இரண்டு வருஷம் முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

அவர் கற்றுக்கொடுத்ததெல்லாம் காதுக்குப் பதில் வேறு ஆளை வேலைக்கு வைப்பதுதான். ‘ஸ்’ சொல்லும்போது வாய்க்கு எதிரே விரலை நீட்டினால் மெல்லிய குளிர்ந்த காற்று ஒரு கோடாக விழ வேண்டும், பரவலாக விழுந்தால் தப்பு. தொண்டையில் கை வைத்தால் குரல் ஏறுவது அதிர்வில் தெரியும். செல்போனில் டெசிபல் காட்டும் செயலி ஒன்று போட்டுக்கொடுத்தார். ஓரடி, ஈரடி தூரப் பேச்சுக்கு முள் 60-ஐ ஒட்டி நின்றால் போதும். என்னுடையது முதல் நாள் 80-ஐத் தாண்டியது. மனைவியோடு ஒரு சைகையும் ஏற்பாடு செய்துகொண்டோம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வயிறு வரை இறக்கினால் குரலை இறக்கு, மேலே தூக்கினால் ஏற்று. வரலாம், வரலாம், ஹோல்டேன். இப்போது கண்டக்டர் அவள்.

எதிராளி பேச்சை உதட்டைப் பார்த்துப் பிடிக்கவும் பழகினேன். அது தனிக் கூத்து. ‘பணம்’, ‘மணம்’ இரண்டும் உதட்டில் ஒன்றேதான்.

ஜாக் ஆஷ்லி என்றொரு பிரிட்டிஷ் எம்.பி. 1967-ல் காது அறுவை சிகிச்சை ஒன்றுக்குப் பின் 45 வயதில் முழுசாகக் கேட்காமல் போனவர். அதற்குப் பிறகும் 1992 வரை அவர் எம்.பி.யாக நீடித்தார். பேசியே பிழைக்க வேண்டிய இடம் அது. 1993-ல் அவருக்கு உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். அந்தக் கருவி வைத்தவர்களைக் கொண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நாள் முழுக்க அதை அணைத்துவைத்துவிட்டு மறுபடி போட்டால், குரலின் அளவும் ராகமும் நிமிடக் கணக்கில் மாறுகின்றன. குரல் கொடுக்கும் ஆள் திரும்பி வந்ததும் வண்டி தடத்துக்கு வந்துவிடுகிறது. நம் மாநில அரசின் காப்பீட்டில் சின்னக் குழந்தைகளுக்கு அதை இலவசமாக வைக்கிறார்கள். நல்ல காரியம். என் வயதுக்காரன் லட்சக் கணக்கில் கையிலிருந்து போட வேண்டும். நான் போடவில்லை, மகளின் கல்யாணம் முன்னால் நின்றது.

வேலை போகவில்லை. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு எடுக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. இப்போது டிப்போவில் டிக்கெட் கணக்குப் பார்க்கிறேன்.

கானமைசினைக் காசநோய்க்கு இனி பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது, மாத்திரைகளே போதும் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த அமிக்காசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் இன்னும் இருக்கின்றன. தொடர்ந்து போட்டுக்கொள்ளும்போது காதில் இரைச்சல் கேட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், காது பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பலவீனம் என்று சொன்னால் எழுந்து வராதீர்கள். வீட்டில் யாருக்காவது காது மங்கினால், ‘பேச்சுதான் நல்லாயிருக்கே’ என்று விட்டுவிடாமல் அப்போதே பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போங்கள்.

தேனி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சாயங்காலம் ஒருவர் ஊருக்கே கேட்கும்படி டீ சொல்லிக்கொண்டிருந்தால் அது நான்தான். முறைக்க வேண்டாம். உள்ளங்கையை வயிறு வரை இறக்கிக் காட்டுங்கள், புரிந்துகொள்வேன்.